பழைய மாடல் 17 ரிவால்வரை வாங்கலாமா? முதலில் அதன் ஆறு அறைகளைப் பாருங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. பென்சில்வேனியாவில் உங்கள் ஊர்த் துப்பாக்கிக் கடையில் ஒரு பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 17 இருக்கிறது. ஆறு அங்குலக் குழல், .22 லாங் ரைஃபிள் தோட்டா, ஆறு அறை. ‘இப்போது வருவதில்லை, பின்ட் அண்ட் ரிசெஸ்ட் வேறு’ என்று (அது என்னவென்று பிறகு சொல்கிறேன்) சொல்லிக் கடைக்காரர் விலையை ஏற்றிச் சொல்கிறார். காகித இலக்குக்கும் அணில் வேட்டைக்கும் இந்த ஒன்றே போதுமா, வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். அரிய பொருளா என்ற பேச்சு உங்களைக் குழப்பியிருக்கிறது. சுடுவதற்காக வாங்குகிறவருக்கு அது இரண்டாம் பட்சம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்த ஒரு துப்பாக்கியின் ஆறு அறைகளும், அவற்றைக் குழலுக்கு நேரே நிறுத்தும் பூட்டும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதுதான் விலையைத் தீர்மானிக்க வேண்டும். நீங்கள் போட்ட படங்களை வைத்து அதைச் சொல்ல யாராலும் முடியாது. கையில் எடுத்து எப்படிப் பார்ப்பது என்று சொல்ல முடியும்.

அதற்கு முன் ஒரு சட்ட விஷயம். இங்கே நம்மவர்கள் பலர் சறுக்குவது இதில்தான். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி எச்1பி, எஃப்1 போன்ற குடியேற்றமில்லா விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. சில விலக்குகள் உண்டு. அவற்றில் நமக்குப் பயன்படுவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். சுடுதளத்தில் ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தாலும் அதுவும் ‘வைத்திருப்பது’தான். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். காரில் எடுத்துச் செல்வது, எந்தப் பருவத்தில் எதை வேட்டையாடலாம் என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மாநில வேட்டைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் கையேட்டைப் பாருங்கள். கடைக்காரர் வாய்மொழியை நம்ப வேண்டாம், என்னுடையதையும்தான்.

இனி ‘நின்றுபோன மாடல்’ என்ற பேச்சு. பாதி சரி. இந்தக் குடும்பத்தின் மூத்தது 1931-ல் வந்த கே-22 அவுட்டோர்ஸ்மேன். 1940-ல் குறுகிய ஹேமர் (தோட்டாவை அடிக்கும் சுத்தி) ஓட்டமும், கிளிக் கிளிக்கென்று திருகிக் குறியைச் சரிசெய்யும் பின்குறியும் வைத்து இரண்டாம் வடிவம் வந்தது. போர் குறுக்கிட்டதால் 1,067 மட்டுமே செய்தார்கள். உண்மையில் அரிதானது அதுதான், உங்கள் கடையில் இருப்பது அதுவாக இருக்க வாய்ப்பில்லை. போருக்குப் பிறகு கே-22 மாஸ்டர்பீஸ் என்ற பெயரில், கே101 என்று எண் தொடங்கி, மறுபடி வந்தது. 1957-ல் நிறுவனம் எல்லாவற்றுக்கும் மாடல் எண் கொடுத்தபோது இது 17 ஆயிற்று. நான்கு அங்குலக் குழல் வைத்தது மாடல் 18, .22 மேக்னம் தோட்டாவுக்கு 48. நீல வண்ணக் கார்பன் எஃகு மாடல் 17-ன் பழைய வரிசை 1998-ல் நின்றது. ஆனால் துருப்பிடிக்காத எஃகில் அதே வேலையைச் செய்யும் 617 இன்றும் வருகிறது; 17 கூட ‘கிளாசிக்’ என்ற பெயரில், சாவி போடும் உட்பூட்டோடு மறுபடி வந்துவிட்டது. ஆகவே உதிரி பாகத்துக்கோ பழுது பார்க்க ஆளுக்கோ நீங்கள் அலைய வேண்டியதில்லை. கடைக்காரர் பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எந்தக் காலத்தது என்று அறிய, ஆறு அறைகளும் உள்ள சிலிண்டரை வெளியே தள்ளுங்கள். அதைத் தாங்கும் கை சட்டகத்தோடு பொருந்தும் பள்ளத்தில் மாடல் எண் அடித்திருக்கும். எண்ணே இல்லையென்றால் 1957-க்கு முந்தியது. 17-1 என்றால் 1959-ல் எஜெக்டர் (வெற்றுக் கூடுகளை வெளியே தள்ளும்) தண்டின் மரை இடதுபுறமாக மாற்றப்பட்ட பிறகு வந்தது. 17-2 என்பது 1961 மாற்றம், டிரிகர் வளையத்துக்கு முன்னால் இருந்த திருகு போய்விட்டது. 17-3 அறுபதுகளின் பிற்பகுதி, 17-4 என்பது 1977-லிருந்து, 17-5 என்பது 1988. 17-6-ல் குழலுக்கு அடியில் முழு நீளத்துக்குக் கனமான தடிப்பு வந்தது. முன்கனம் பிடிக்கிறவர்களுக்கு அது நல்லது, மற்றவர்களுக்குக் கை வலிக்கும். பழைய ஆறு அங்குல வடிவமே 38.5 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 1.1 கிலோ. 17-8 பத்துக் குண்டு, அலுமினியக் கலவை சிலிண்டர். அது வேறு சாதி. கே எண்ணை வைத்து ஆண்டைக் கணிக்கும் பட்டியல்கள் உத்தேசமானவை. அந்த வரிசையில் .32, .38 இலக்குத் துப்பாக்கிகளும் கலந்தே எண்ணிடப்பட்டன. சரியான தேதி வேண்டுமென்றால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளையிடம் கட்டணம் கட்டிக் கடிதம் வாங்கலாம், ஆலையிலிருந்து அனுப்பிய தேதி அதில் வரும். சுடுவதற்கு அது தேவையில்லை.

‘பின்ட் அண்ட் ரிசெஸ்ட்’ என்பதில் ஒரு வியாபாரத் தந்திரம் ஒளிந்திருக்கிறது. பின்ட் என்றால் குழலைச் சட்டகத்தில் திருகிய பின் குறுக்கே ஒரு சிறு ஊசி அடித்திருப்பது. 1982 வாக்கில் அதை விட்டுவிட்டார்கள். ரிசெஸ்ட் என்றால் தோட்டாவின் விளிம்பு முழுதும் சிலிண்டருக்குள் அமிழ்ந்திருக்கும் பள்ளம். மேக்னம் துப்பாக்கிகளில் இது பழையதன் அடையாளம், சேகரிப்பவர்கள் கூடுதல் பணம் கொடுப்பார்கள். .22-வில் அப்படிக் கிடையாது. ரிம்ஃபயர் தோட்டாவில் வெடிமருந்துப் பொறி விளிம்புக்குள்ளேயே மெல்லிய பித்தளையில் அடைபட்டிருக்கிறது. அது கிழிந்தால் சூடான வாயு முகத்துக்கு வரும். அதனால் இந்தப் பள்ளம் 1982-க்குப் பிறகும் .22-வில் தொடர்ந்தது. இல்லாத சிறப்புக்கு விலை கொடுக்காதீர்கள்.

இனி கையில் எடுப்போம். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, ஆறு அறையும் காலி என்று இருவரும் பார்த்த பிறகு. பையில் ஒரு சிறு டார்ச்சும் தடிமன் அளக்கும் தகட்டுக்கட்டும் கொண்டு போங்கள், ஆயிரத்தில் ஓர் அங்குலம் வரை அளப்பது. முடிந்தால் ஆறு வெற்றுக் .22 கூடுகளும்.

முதலில் சிலிண்டரின் பின்முகம். ஒவ்வொரு அறையின் விளிம்பையும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்துப் பழகியவர்கள் கையில் இருந்த துப்பாக்கியென்றால், ஊசிமுனை அடிக்கும் இடத்தில் சிறு பள்ளமும், அங்கே ஒதுங்கிய உலோகம் அறைக்குள் நீட்டிக்கொண்டிருப்பதும் தெரியும். அந்த முள்தான் வெற்றுக் கூட்டைக் கவ்விக்கொண்டு வெளியே விடாமல் செய்யும். இந்த ரிம்ஃபயர் மாடல்களை வெறுமையாக இயக்கக் கூடாது என்று நிறுவனமே சொல்கிறது. முள் சிறியதென்றால் துப்பாக்கி மெக்கானிக் அதற்கென்று உள்ள கருவியால் அழுத்திச் சமன் செய்துவிடுவார், பெரிய செலவில்லை. ஆறிலும் ஆழமான குழி இருந்தால் வேறு துப்பாக்கி பாருங்கள். இப்படி அடித்து அடித்து ஊசிமுனையும் சப்பையாகியிருக்கும், பிறகு தோட்டா வெடிக்காமல் போகும்.

அடுத்து எஜெக்டர் தண்டு. சிலிண்டரை வெளியே தள்ளி மெல்லச் சுழலவிட்டு, தண்டின் நுனியைப் பாருங்கள். நுனி வட்டம் போட்டால் தண்டு வளைந்திருக்கிறது. ஒட்டிக்கொண்ட கூடுகளை வெளியேற்ற யாரோ உள்ளங்கையால் ஓங்கி அடித்ததன் விளைவு. மூடும்போது சில அறைகளில் மட்டும் சிலிண்டர் இறுகுவதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம்.

பிறகு பூட்டு. அறைகளில் வெற்றுக் கூடுகளைப் போட்டு மூடுங்கள். நட்சத்திர வடிவ எக்ஸ்ட்ராக்டரின் சிறு ஆட்டத்தை அவை எடுத்துவிடும், இல்லாவிட்டால் நல்ல துப்பாக்கியும் மோசமாகத் தெரியும். இடது கை விரலால் சிலிண்டரை லேசாகத் தடுத்தபடி ஹேமரை மிக மெதுவாகப் பின்னிழுங்கள். ஹேமர் கடைசியாக நிற்பதற்கு முன்பே, சிலிண்டர் தடுப்பு அதன் பள்ளத்தில் ‘டிக்’ என்று விழுந்திருக்க வேண்டும். விழாமல் விரலால் தள்ளினால்தான் விழுகிறதென்றால், சிலிண்டரைத் திருப்பும் கை தேய்ந்திருக்கிறது. ஆறு அறைக்கும் செய்யுங்கள், ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் பின்தங்குவது சாதாரணம். .22-வில் கொஞ்சம் பின்தங்கினாலும் ஈயக் குண்டு குழலின் வாயில் சீவப்பட்டு ஈயத்தூள் பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்தில் நின்று சுடுகிறவர் கன்னத்தில் பட்டால் அவரே உங்களுக்குச் சொல்லிவிடுவார்.

ஹேமர் முழுக்கப் பின்னால் நிற்கும்போது, குழல் பாதுகாப்பான திசையில் இருக்க, கட்டைவிரலால் ஹேமரின் முதுகை முன்னோக்கி அழுத்துங்கள். நழுவி விழுந்தால் டிரிகரை இலகுவாக்குகிறேன் என்று யாரோ உள்ளே அரம் போட்டிருக்கிறார்கள். இலக்குத் துப்பாக்கியில் அடிக்கடி காணும் நோய் இது. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம் என்பேன்.

முன்பின் ஆட்டத்தையும் அளந்துவிடுங்கள். சிலிண்டரைப் பின்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே எந்தத் தகடு நுழைகிறது என்று பாருங்கள், பிறகு முன்னால் தள்ளிப் பிடித்து அளங்கள். இரண்டுக்கும் வித்தியாசமே ஆட்டம். ஆயிரத்தில் ஒன்றிரண்டு அங்குலம் நல்லது. பெரிய குண்டுத் துப்பாக்கியில் அதற்கு மேல் போனால் அதிர்வால் பழுதாகும். .22-வில் அதிர்ச்சி குறைவு. ஆனால் சிலிண்டர் முன்னால் நழுவியிருக்கும்போது ஊசி விளிம்பைத் தொடும் ஆழம் குறைகிறது, தோட்டா வெடிக்காமல் விடுகிறது. மெல்லிய வளையத் தகடு போட்டு இதைச் சரிசெய்யலாம். இடைவெளி எப்படியும் ஆயிரத்தில் நான்கிலிருந்து எட்டுக்குள் இருக்கட்டும்.

நீலப்பூச்சு தேய்ந்திருப்பது, பிடியின் மரத்தில் கீறல், இவையெல்லாம் விலையைக் குறைக்கும், குறியைக் குறைக்காது. எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பூச்சு போய் பூட்டு இறுக்கமாக இருப்பதையே எடுப்பேன். திருகுகளின் வாய் சிதைந்திருந்தால் மட்டும் யோசியுங்கள்: சரியான திருப்புளி இல்லாதவர் உள்ளே போய் வந்திருக்கிறார்.

வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இந்த மாடலைப் பற்றி நீங்கள் முதலில் புலம்பப்போவது, இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு வெற்றுக் கூடுகள் வெளியே வர மறுப்பதாக இருக்கும். அறைகள் துல்லியத்துக்காக இறுக்கமாகக் கடையப்பட்டவை. தோட்டாவின் மெழுகும் கரியும் சேர்ந்ததும் கூடு கவ்விக்கொள்கிறது. வரிசையாகப் போங்கள். ஆறு அறைகளையும் கரைப்பான் நனைத்த வெண்கலத் தூரிகையால் நன்றாகத் தேய்த்து, துணியால் உலர வைத்துச் சுட்டுப் பாருங்கள். தீரவில்லையென்றால் தோட்டாவை மாற்றுங்கள். அதிவேகத் தோட்டாவைவிட சாதாரண வேகத் தோட்டா பெரும்பாலும் எளிதாக வெளியேறும். முந்தைய சொந்தக்காரர் .22 ஷார்ட் தோட்டாக்களை நிறையச் சுட்டிருந்தால், குட்டையான அந்தக் கூட்டின் வாய் முடியும் இடத்தில் கரி வளையமாகக் கெட்டிப்பட்டிருக்கும். அதைத் தாண்டி நீளமான தோட்டா போக அடம்பிடிக்கும். ஊற வைத்து, தேய்த்து, மறுபடி ஊற வைக்க வேண்டும். இவ்வளவும் செய்து பலிக்காவிட்டால் மட்டும் அறை சீர்செய்யும் ரீமர், அதுவும் தெரிந்தவர் கையில். துளைக்கருவியில் உப்புத்தாள் சுற்றி மெருகு போடுகிறேன் என்று கிளம்பாதீர்கள், அறை கோணிப் போனால் புது சிலிண்டர்தான்.

கூடுகளைத் தள்ளும்போது குழல்வாயை வானம் பார்க்கப் பிடியுங்கள். எரியாத மருந்துத் துகள்கள் கூடுகளோடு கீழே விழுந்துவிடும். குழல் கீழே பார்த்தால் அவை நட்சத்திரத்துக்கு அடியில் தங்கி, அடுத்த முறை சிலிண்டர் மூடாமல் மக்கர் செய்யும். துப்பாக்கி கெட்டுவிட்டது என்று கடைக்கு வருகிறவர்களில் பலருக்குத் தேவைப்படுவது பழைய பல் தூரிகை ஒன்றுதான்.

சில தோட்டாக்கள் வெடிக்கவில்லையென்றால் முதலில் பிடியின் முன்பக்கம் கீழே இருக்கும் சிறு திருகைப் பாருங்கள். முதன்மை வில்லை அழுத்திப் பிடிப்பது அது. தளர்ந்தால் அடி பலமிழக்கும். டிரிகர் இலகுவாகட்டும் என்று சிலர் வேண்டுமென்றே தளர்த்தியும் வைப்பார்கள். முழுக்க இறுக்கிவிட்டுச் சுடுங்கள். அப்போதும் வெடிக்காத தோட்டாவை எடுத்து, திருப்பி வேறு பக்கம் அடிபடும்படி போட்டுப் பார்த்தால், தோட்டாவா துப்பாக்கியா என்று தெரிந்துவிடும். ஒரு தோட்டா வெடிக்காதபோது முப்பது விநாடி குழலை இலக்குப் பக்கமே வைத்திருந்து பிறகு திறங்கள். சத்தம் வழக்கத்தைவிடக் கம்மியாகக் கேட்டால் அடுத்ததைச் சுடாதீர்கள். குண்டு குழலுக்குள் நின்றிருக்கலாம்.

எஜெக்டர் தண்டைக் கழற்ற நேர்ந்தால் அறைகளில் வெற்றுக் கூடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள், நட்சத்திரம் முறுக்காமல் தாங்கும். 17-1, அதற்குப் பிறகு வந்தது எதுவானாலும் மரை எதிர்த்திசை என்பதை மறக்க வேண்டாம். பக்கத் தகட்டை நெம்பிக் கழற்றுவது பெருங்குற்றம். திருகுகளை எடுத்தபின் பிடிச் சட்டகத்தை மரக்கைப்பிடியால் தட்டினால் அதிர்வில் தானே எழும்பி வரும். அதன் முன்திருகு சிலிண்டர் கைக்கென்று பொருத்தப்பட்டது. மற்றதோடு மாற்றிப் போட்டால் சிலிண்டர் இறுகும் அல்லது ஆடும். குழலின் பின்வாயில் படியும் ஈயத்துக்கு, சுத்தமான செம்புக் கம்பிச் சுருளைத் தூரிகையில் சுற்றித் தேய்க்கலாம். கடையில் விற்கும் சில சுருள்கள் செம்பு பூசிய இரும்பு. காந்தம் ஒட்டினால் வேண்டாம். ஈயம் துடைக்கும் மஞ்சள் துணியை வெளிப்புறத்தில் படவிடாதீர்கள், நீலத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

இலக்கு, அணில் இரண்டுக்கும் ஒன்றே போதுமா என்று கேட்டிருந்தீர்கள். துப்பாக்கி ஒன்று போதும், பின்குறி அமைப்பு ஒன்று போதாது. அமெரிக்கப் புல்ஸ்ஐ போட்டியில் 25 கெஜ இலக்கின் கறுப்பு வட்டம் ஏறக்குறைய ஐந்தரை அங்குலம். பழக்கமான முறை, வட்டத்தின் அடிவிளிம்பில் முன்குறியை நிறுத்திச் சுடுவது. அப்படியானால் குண்டு குறிக்கு இரண்டேமுக்கால் அங்குலம் மேலே போகும்படி பின்குறி இருக்கிறது. அதே அமைப்போடு அணிலின் தலையைக் குறிவைத்தால் குண்டு காதுக்கு மேலே பறக்கும். வேட்டைக்குப் போகும் முன் குறிவைத்த இடத்திலேயே படும்படி பின்குறியைக் கீழிறக்குங்கள். எத்தனை கிளிக் என்று எழுதி, தோட்டாப் பெட்டி மூடியில் ஒட்டிவையுங்கள். பின்குறியை எந்தப் பக்கம் நகர்த்துகிறீர்களோ அந்தப் பக்கமே குண்டும் நகரும். 25 கெஜத்துக்கு நேராக வைத்தால், 40 கிரெய்ன் எடையுள்ள குண்டு விநாடிக்கு ஆயிரம் அடி வேகத்தில் போகிறதென்று கணக்கிட்டால், பத்துக் கெஜத்தில் கால் அங்குலத்துக்குள் தாழ்வு, 50 கெஜத்தில் ஒன்றரை அங்குலத் தாழ்வு.

வாங்கிய முதல் வாரம் செய்ய வேண்டிய ஒரு சோதனை. அறைகளுக்கு மார்க்கரால் ஒன்று முதல் ஆறு வரை எண் போடுங்கள். 25 கெஜத்தில், மணல்மூட்டையில் கையை ஊன்றி, ஒன்றாம் அறையிலிருந்து மட்டும் ஐந்து குண்டு ஒரு காகிதத்தில், இரண்டாம் அறையிலிருந்து ஐந்து வேறு காகிதத்தில் என்று ஆறும் சுடுங்கள். முப்பது தோட்டா, ஒரு மணி நேரம். ரிவால்வர் என்பது ஒரே குழலைப் பகிர்ந்துகொள்ளும் ஆறு துப்பாக்கி. ஓர் அறை மற்றவற்றிலிருந்து விலகி ஒன்றரை அங்குலம் தள்ளிச் சுடுவது உண்டு. போட்டியில் ஐந்து குண்டுத் தொடர்தான் வேகச் சுற்றுக்கு, ஆகவே அந்த அறையைக் காலியாக விட்டுவிடலாம். காட்டில் முதல் குண்டு சிறந்த அறையிலிருந்து வரட்டும். இதையே நான்கைந்து வகைத் தோட்டாவோடு செய்தால், உங்கள் துப்பாக்கிக்கு எது பிடிக்கிறது என்பது தெரிந்துவிடும். விலை உயர்ந்ததுதான் பிடிக்கும் என்று நினைக்க வேண்டாம்.

அணிலுக்கு எவ்வளவு தூரம் என்பதற்குப் பொது எண் கிடையாது. நின்றபடி, இரண்டு கையால் பிடித்து, ஆறு குண்டும் ஒரு சிறிய பாட்டில் மூடிக்குள், ஏறக்குறைய நாலு செண்டிமீட்டரில் விழும் தூரம் எதுவோ அது உங்கள் தூரம். பலருக்கு அது பதினைந்து கெஜத்தைத் தாண்டாது. ஆறு அங்குலக் குழலிலிருந்து வரும் வேகத்தில் குழிமுனைக் குண்டு பல சமயம் விரிவதே இல்லை, தலையில் பட்டால் சாதாரண உருண்டை முனையே போதும், உடம்பில் பட்டால் இரண்டுமே கறியைக் கெடுக்கும். கிளையில், வானத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் அணிலைச் சுடவே கூடாது. தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்: .22 குண்டு ஒன்றரை மைல் வரை போகும். அணில் அடிமரத்தோடு ஒட்டியிருக்கும்வரை காத்திருங்கள்.

போட்டிக்கு மட்டும் என்றால் தானியங்கி பிஸ்டலே புத்திசாலித்தனம், 1950-களிலேயே ரூகரும் ஸ்மித் மாடல் 41-ம் வந்து ரிவால்வரைப் போட்டித் தளத்திலிருந்து தள்ளிவிட்டன. வேகச் சுற்றில் பத்து விநாடியில் ஐந்து முறை ஹேமரைப் பின்னிழுத்துச் சுடுவது சுலபமில்லை. ஆனால் உங்களுக்கு இரண்டும் வேண்டும் என்கிறீர்கள், வேட்டையில் எந்த வகைத் தோட்டாவைப் போட்டாலும் சிக்காமல் சுழல்வது ரிவால்வர்தான். மேலே சொன்ன சோதனைகளில் ஹேமர் நழுவவில்லை, அறை விளிம்பில் ஆழக் குழியில்லை, ஆறும் பூட்டுகிறது என்றால், அதே கடையில் புது 617 என்ன விலை என்று கேளுங்கள். பழையதற்கு அதைவிடக் கூடுதல் கேட்டால் சேகரிப்பவருக்கு விட்டுக்கொடுங்கள். குறைவென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.